போதும் என்று யார் சொல்வது?

பழசு என்றால் என்ன? சுலபமான கேள்வி மாதிரித் தெரியும். பதில் சொல்லிப் பாருங்கள், சிக்கிக்கொள்வீர்கள்.

பாட்டியின் பட்டுப் புடவை பழசு. வெள்ளைத் துணியில் சுற்றி பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய செல்போனும் பழசு. அது மேஜை டிராயரில் பழைய சார்ஜர்களோடு கிடக்கிறது. முதலாவதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், 'எங்கே வாங்கினது?' என்று நாலு பேர் விசாரிப்பார்கள். இரண்டாவதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தால், 'இன்னுமா இதை வெச்சிருக்கே?' என்பார்கள். வயதில் மூத்தது புடவைதான். ஆனாலும் பழசு என்ற கெட்ட பெயர் செல்போனுக்குத்தான் வந்து சேர்கிறது. ஆக, வயதுக்கும் பழசுக்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஆரணிக்குப் போவது நல்லது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஊர். அரிசிக்கும் பட்டுக்கும் பெயர் போனது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கிய பட்டு. ஊருக்குள்ளும், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் மாதிரி சுற்றுப்பட்டு ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும். ஒரு தறியை அண்ணாந்து பாருங்கள். மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு.

பிரான்ஸில் லியோன் என்ற பட்டு நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய கருவி இது. அதற்கு முன்னால் பூ வேலைப்பாடு உள்ள பட்டு நெய்ய, தறிப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து நெசவாளி சொல்லச் சொல்லக் கயிறுகளை இழுக்க வேண்டும். அந்தப் பையனின் வேலையை அட்டை எடுத்துக்கொண்டது. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி மேலே போகும், பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் கொக்கி சும்மா இருக்கும். ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. முந்தானையில் மயில் நிற்கிறதென்றால், அந்த மயில் முதலில் அட்டையில் ஓட்டைகளாக நின்றிருக்கிறது.

உண்டு, இல்லை. இரண்டே சொல். கம்ப்யூட்டரும் இதைத்தானே பேசுகிறது என்று உங்களுக்குத் தோன்றினால், சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. ஜக்கார்டின் அட்டையைப் பார்த்துதான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்கலாம் என்று திட்டம் போட்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை அட்டைகளை வைத்து எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி 1911-ல் வேறு கம்பெனிகளோடு சேர்ந்தது, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. அதே ஐ.பி.எம். 1981 ஆகஸ்ட்டில் பர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதை இயக்கியது டாஸ்.

கறுப்புத் திரை, 'சி' என்ற எழுத்து, பக்கத்தில் கண் சிமிட்டுகிற ஒரு கோடு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டிப் படித்தோமே, அந்த டாஸ். தமிழும் அதில் ஏறியது. கனடாவிலிருந்து சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' எல்லாம் 1980-களில் டாஸ் காலத்தில் பிறந்தவைதான்.

இனிமேல் விண்டோஸ்தான், டாஸ் வேண்டாம் என்று 1990-களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. தனியாகக் கடையில் விற்ற கடைசி எம்.எஸ்.டாஸ் 6.22, 1994-ல் வந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால் என்ற மாணவருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு டாஸ் போதுமாக இருந்தது. 1994 ஜூன் 29-ந் தேதி இணையத்தில் ஓர் அறிவிப்பு போட்டார். டாஸ் மாதிரியே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்றை நாமே எழுதுவோம், வாருங்கள் என்று. முன்பின் பார்க்காதவர்கள் வந்து சேர்ந்தார்கள். பாட் வில்லானி என்பவர் அதன் இதயப் பகுதியை எழுதிக் கொடுத்தார். இப்படி வளர்ந்ததுதான் ஃப்ரீடாஸ். முதல் முழுப் பதிப்பு வர 2006 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம்! அப்புறமும் நிறுத்தவில்லை. 2025 ஏப்ரலில் 1.4 பதிப்பு வந்திருக்கிறது.

'செத்துப் போனதுக்கு எதுக்கு சார் இவ்வளவு மெனக்கெடணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆரணியில் ஒரு ஜவுளி முதலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெசவாளிக்குக் கொடுத்த பாவு, ஊடை, சரிகை எவ்வளவு, திரும்பி வந்த புடவை எடை எவ்வளவு, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க 1990-களில் யாரோ ஒரு பையன் டாஸில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பையன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானோ. புரோகிராம் மட்டும் ஒருநாள்கூடத் தப்புக் கணக்குக் காட்டியதில்லை. ஒருநாள் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. வருகிற மெக்கானிக் எல்லாம், 'இது ரொம்பப் பழசு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்குங்க' என்கிறார்கள்.

புதிய கம்ப்யூட்டர், புதிய விண்டோஸ், புதிய புரோகிராம், அதற்கு வருஷச் சந்தா. எல்லாம் எதற்கு? நேற்றுவரை ஒழுங்காகப் போட்ட அதே கணக்கை நாளைக்கும் போட. இவருக்கு ஃப்ரீடாஸ் கைகொடுக்கும். காசு கிடையாது. 640 கே.பி. நினைவகம் உள்ள ஆதிகாலத்து இயந்திரத்திலும் ஓடுவதற்கு ஃப்ளாப்பியிலேயே ஒரு பதிப்பு இருக்கிறது. அந்தப் பையன் எழுதிய புரோகிராமுக்கு, கீழே இருப்பது மைக்ரோசாஃப்ட் டாஸா இதுவா என்று அநேகமாக வித்தியாசம் தெரியாது.

இது கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். உலகமெங்கும் கதை இருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின், தன் நாவல்களை இணையத் தொடர்பில்லாத டாஸ் கம்ப்யூட்டரில், வேர்ட்ஸ்டார் 4-ல் எழுதுவதாக 2014-ல் டெலிவிஷனில் சொன்னார். மெக்லாரன் எஃப்1 என்று ஒரு கார், மொத்தமே 106 செய்தார்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கில் விலை. அதைச் சர்வீஸ் செய்யும் சாஃப்ட்வேர் 1990-களின் பழைய காம்பேக் லேப்டாப்பில்தான் ஓடியது என்பது 2016-ல் செய்தியாக வந்தது. பணமில்லாமலா பழசைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். 220 வருஷத்து ஜக்கார்டை யாரும் 'சப்போர்ட் முடிஞ்சுபோச்சு' என்று சொல்வதில்லை. ஏன்? அதைத் திறந்து பார்க்கலாம். கொக்கி வளைந்தால் நிமிர்த்தலாம். அட்டை கிழிந்தால் புதிய அட்டை குத்தலாம். உள்ளூர் ஆசாரியும் மெக்கானிக்கும் பார்த்தே புரிந்துகொள்வார்கள். லியோன் நகரத்தில் யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் அப்படி இல்லை. அதன் உள்ளே இருப்பதை எழுதியவர் மூடி வைத்திருக்கிறார். அவர் கடையைக் கட்டினால் நம் வேலையும் நிற்கிறது. ஃப்ரீடாஸ் செய்தது இதுதான்: மூலநிரலைத் திறந்து வைத்து, தறிக்கு எப்போதும் இருந்த சௌகரியத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தது. மைக்ரோசாஃப்டே 2018-லும் 2024-லும் பழைய டாஸ் பதிப்புகள் சிலவற்றின் மூலநிரலை இலவச உரிமத்தில் திறந்துவிட்டது. திறந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

இங்கேதான் அறம் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது. ஒரு பொருளைச் செய்தவனுக்கு, 'நான் இனி இதைச் செய்ய மாட்டேன்' என்று சொல்ல முழு உரிமை உண்டு. யாரையும் காலம் பூராவும் கட்டிப்போட முடியாது. 'நீயும் இனி இதைப் பயன்படுத்தக் கூடாது' என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? நேரடியாகச் சொல்வதில்லை, உண்மைதான். ஆனால் 2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டன. உரிமையாளருக்குப் போதுமாக இருந்தது. போதாது என்று முடிவு செய்தது வேறொருவர்.

போதும் என்கிற மனம் பற்றி நம்மிடம் பழமொழிக்குப் பஞ்சமில்லை. அந்த 'போதும்' யார் வாயிலிருந்து வருகிறது என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை.

அதனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். பழைய கம்ப்யூட்டரை என்ன செய்கிறோம்? நல்ல மனசுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குத் தானம் செய்கிறார்கள். ஆபீஸில் புதுசு வந்துவிட்டது, பழசு ஏழைப் பிள்ளைகளுக்கு. 'அவங்களுக்கு இது போதும்.' தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் கேட்கிறேன், ஏன் பார்க்கக் கூடாது? உழப் போகிறவன் அவன்தானே?

டாஸின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். இன்றைய யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. பாதுகாப்பு என்ற ஏற்பாடே கிடையாது. பேங்க் கணக்கை அதில் திறக்க நினைப்பது திறந்த வீட்டில் பீரோ சாவியைத் தொங்கவிடுகிற கதை. வேடிக்கை என்னவென்றால், ரொம்பப் புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பழைய பயாஸ் இல்லாததால் ஃப்ரீடாஸ் நேரடியாக ஓடாது. பன்னிரண்டாவது படிக்கிற பெண், வேலைக்கு மனுப் போடவும் வெளியூர்க் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் ஆசைப்பட்டால், அவளிடம் கறுப்புத் திரையைக் காட்டி 'இதுவும் கம்ப்யூட்டர்தாம்மா' என்பது உதவி ஆகாது. ஒரு கதவைச் சாத்துவது.

தறிக்கும் இதே கேள்வி உண்டு. கைத்தறி அழியக் கூடாது என்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் பேசுகிறோம். சரிதான், அழியக் கூடாது. ஆனால் 2019-20-ல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் சுமார் 66 சதவீதம் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரிய வந்தது. தறி அழகு, பாரம்பரியம், கலை. அத்தனையும் உண்மை. அதன் முன்னால் உட்கார்ந்து மிதிக்கிறவர், 'எனக்கு இது போதும், என் பிள்ளைக்குப் போதாது' என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல நாம் யார்? அவர் மகனே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, மின்னணு ஜக்கார்டில் அட்டையே இல்லாமல் நெய்ய விரும்பினால், அட்டை குத்துகிற அழகு போய்விட்டதே என்று நாம் கண்ணீர் விடுவது யாருக்காக?

இந்த இரண்டு தப்பும் பார்க்க எதிரெதிர் மாதிரி இருக்கும். ஒருவர் 'உனக்கு இது போதாது, புதுசு வாங்கு' என்கிறார். இன்னொருவர் 'உனக்கு இதுவே போதும், பழசையே வைத்துக்கொள்' என்கிறார். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே தப்பு. பயன்படுத்துகிறவரிடம் கேட்காமலேயே அவருடைய தேவையை அளந்துவிட்டோம்.

ஜிம் ஹால் தனக்குப் போதும் என்றுதான் சொன்னார். மற்றவர்கள் விண்டோஸுக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. விரும்பியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசலில் வைத்தார். நம் ஊரில் அதற்கு நடந்ததுதான் சோகம். விண்டோஸ் இல்லாமல் விலை குறைவாக விற்ற லேப்டாப்களில் 'ஃப்ரீடாஸ்' என்று போட்டிருக்கும். வாங்கினவர்களில் பலர் அன்றைக்கே அதை அழித்துவிட்டு, தெருமுனைக் கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் பலர் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்தது, திருட்டுக்குத் திரைச்சீலையாகப் பயன்பட்டது. இலவசமாக வருவதற்கு நாம் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கலாம். உங்கள் வேலைக்கு அது போதுமென்றால், யார் என்ன சொன்னாலும் கூச்சப்படாமல் தட்டி எழுப்புங்கள். ஃப்ரீடாஸோ, அதற்கு வலுவிருந்தால் லினக்ஸோ போட்டுப் பாருங்கள். பழைய ஃப்ளாப்பியில் அப்பா தட்டி வைத்த கணக்கோ கடிதமோ இருந்தால், அதைத் திறக்க இதுதான் வழியாகவும் இருக்கலாம்.

இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'உனக்கு என்ன வேலைக்குப்பா வேணும்?' பதில் வரும்வரை காத்திருங்கள். அந்தப் பதிலைக் கேட்டபிறகு பரணில் இருப்பதைக் கொடுப்பதா, பர்ஸில் இருப்பதைக் கொடுப்பதா என்று முடிவு செய்யலாம்.