சிறார் மாயக்கதைகளும் சூரன் பெற்ற பேறும்

சிறார்க்கென எழுதப்பெறும் மாயக்கதைகள் அறிவை வளர்ப்பனவோ, மயக்குவனவோ என்னும் ஐயம் சைவ நன்மக்களிடையே அவ்வப்போது எழுதல் உண்டு. பறக்குங் குதிரையும் பேசுங் கிளியும் பொய்யாதலின் விலக்கத்தக்கன என்பர் ஒருசாரார். வியப்பு பிள்ளையுள்ளத்தைக் கவர்தல் இயல்பு. 1008 அண்டங்களை ஆண்ட அசுரன் கடல் நடுவண் மாமரமாய் நின்றான் என்று கேட்டுக் கண் விரியாத மைந்தர் யாவர்? ஆதலின் வியப்புக் குற்றமன்று. அக்கதை தீயோனை முடிவில் என் செய்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயத்தக்கது.

1954-ஆம் ஆண்டுவரை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி நகரில் இருவகைக் கதைமரபும் அருகருகே வழங்குகின்றன. பெரோ என்னும் பிரெஞ்சுப் புலவர் 1697-இல் வெளியிட்ட கதைகளுள் ஒன்றில், செந்தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்க, கதையும் அவ்வளவில் முடிகின்றது. உறங்கும் அழகியின் கதையில், அரக்கியாகிய மாமி, தான் பிறர்க்கென நச்சுப்பாம்புகளால் நிரப்புவித்த தொட்டியில் தானே வீழ்ந்து மாய்கின்றாள். 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆரி பாட்டர் கதையிலோ, இறுதிப் போரில் அச்சிறுவன் பகைவனை நோக்கி, செய்தவற்றிற்கு இரங்குமாறு வேண்டுகின்றான். அவன் இரங்கானாய் மடிகின்றான். வாயில் திறக்கப்பெற்றது, புகுவார் இல்லை.

இனி, நம் மரபினை நோக்குக. அதே நகரில் ஐப்பசித் திங்கட் கந்தசட்டியன்று, முருகன் கோயில் வீதிகளிற் சூரனுருவத்திற்குத் தலைகள் மாற்றி மாற்றிப் பொருத்தப்பெறுதலைத் தந்தையர் தோளிலிருந்து மக்கள் காண்கின்றனர். வேல் பட்டபின் சூரன் இல்லாதொழிகின்றானல்லன். மயிலாகி ஊர்தியாகவும், சேவலாகிக் கொடியாகவும் நிற்கின்றான். புதுச்சேரிக்கு வடமேற்கேயுள்ள மயிலம் மலையை அவன் தவங்கிடந்த தலமென்றே அன்பர் வழிபடுவர்.

இம்முடிபின் உட்பொருள் யாது? உயிர் வேறு, மலம் வேறு. செம்பிற் களிம்புபோல ஆணவம் அநாதியே உயிரைப் பற்றியுள்ளது. ஆயினும் அஃது உயிரின் இயல்பன்று. வீட்டின்கண்ணும் அதன் சத்தி மடங்குவதன்றி, அது பொருளாய் அழிவதில்லை என்பது சித்தாந்தத் துணிபு. சூரனை ஆணவத்திற்கு உருவகமாகக் கொள்ளினும், மலத்தாற் கட்டுண்ட ஓருயிராகக் கொள்ளினும், முடிவு திருவடிக்கீழ் அடங்குதலேயாம்.

அற்றேல், தீயோனும் அருள் பெறுவன் எனக் கேட்கும் பிள்ளை தீமைக்கு அஞ்சாதன்றோ எனின், அன்று. வேல் பாய்ந்தே மயில் தோன்றிற்று. சிங்கமுகனும் தாரகனும் களத்திற் பட்டனர். தண்டம் தவிர்க்கப்படவில்லை, ஆயின் அது பகையால் வந்ததன்று, நோய் தீர்ப்பான் இடுஞ் சூடுபோல்வது. இதனையே மறக்கருணை என்பர் பெரியோர்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. விழா முடிந்த மறுநாள் சிறார் தெருவிற் சூரசங்கார விளையாட்டு ஆடுதலை யாம் கண்டுள்ளோம். சூரனாக நிற்க ஒருவரும் இசையார். எளிய பிள்ளை ஒன்றை அவ்விடத்தில் நிறுத்தி, யாவரும் கூடி அடிப்பர். ஆட்டம் அடியோடு முடிகின்றது, மயிலை மறந்துவிடுகின்றனர். ஓருயிரைத் தீமையே வடிவென்று கொள்ளும் பயிற்சி அங்கே தொடங்குகின்றது. பின்னாளில் அது சாதியின்மேலும் அயலான்மேலும் செல்லும்.

ஆகலின் மாயக்கதைகளைப் பிள்ளைகள் கையினின்று பறித்தல் வேண்டா. கதை முடிந்தபின், “அத்தீயோன் என்னானான்? அவனுக்கு உய்தி உண்டோ?” என்னும் ஒரு வினாவைப் பெற்றோரும் ஆசிரியரும் எழுப்புவாராக. விளையாட்டிற் சூரனாய் நின்ற பிள்ளையை இறுதியில் மயிலாக ஆடச் செய்வாராக. சித்தாந்தத்தின் முதற்பாடம் அதுவேயாகும்.

திருச்சிற்றம்பலம்.