காசு கொடுத்தால் கடன் தீருமா?

ஒரு வீட்டில் ஓர் இரவு தங்குகிறோம். அவர்கள் சமைத்துப் போட்டதைச் சாப்பிடுகிறோம். மறுநாள் காலையில் அதற்கு உண்டான பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு நாம் கடன்பட்டவர்களா?

'அதான் காசு கொடுத்தாச்சே!' என்று பளிச்சென்று பதில் வரும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் மலைவழியில் நடந்து வந்த பிறகு, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2022 அக்டோபரில் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள மத்யமகேஷ்வர் தலத்துக்கு யாத்திரை போயிருந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஆறு பேர் கொண்ட சிறிய குழு. பாரதப் போர் முடிந்தபின், உறவினரைக் கொன்ற பாவம் தீரப் பாண்டவர்கள் சிவபெருமானைத் தேடி இமயத்துக்கு வந்தார்கள். பெருமான் காளை வடிவெடுத்து மறைந்தார். அவருடைய திமில் கேதார்நாத்திலும், கரங்கள் துங்கநாத்திலும், திருமுகம் ருத்ரநாத்திலும், சடை கல்பேஷ்வரிலும் வெளிப்பட்டன என்பது தல வரலாறு. நாபியும் வயிறுமாகிய நடுப்பகுதி தோன்றிய இடம்தான் மத்யமகேஷ்வர்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். ரான்ஸி என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடை. முதல் நாள் கௌண்டார் கிராமத்தில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் தொடங்கியது உண்மையான ஏற்றம். பாண்டோலி, கடரா, நானு, மைகம்பா, கூன் சட்டி... வழியெங்கும் இப்படிச் சின்னச் சின்ன ஊர்கள். சில இடங்களில் நான்கைந்து வீடுகள்; சில இடங்களில் ஒன்றிரண்டுதான். அந்த வீடுகளேதான் தங்கும் விடுதி, டீக்கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம்!

'கூன் சட்டி' என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர் மண்சட்டி ஞாபகம் வந்து சிரித்தோம். விசாரித்தால் அது பெரிய விஷயம்! பஸ் இல்லாத காலத்தில் ரிஷிகேசத்திலிருந்து கேதாரத்துக்கும் பத்ரிக்கும் யாத்ரீகர்கள் நடந்தே போவார்கள். வழியில் சில மைல்களுக்கு ஒரு தங்குமிடம் இருக்கும். அதற்குத்தான் சட்டி என்று பெயர். அங்கே தங்குவதற்கு வாடகை கிடையாது. ஆனால் அரிசி, மாவு, பருப்பை அந்தச் சட்டிக்காரரின் கடையில்தான் வாங்க வேண்டும். சமைக்கப் பாத்திரம் அவரே கொடுப்பார். கையில் காசில்லாத சாதுக்களுக்கு, காலி கம்ளிவாலா பாபாவின் தர்ம சத்திரங்களில் இலவசமாகவே உணவு கிடைத்தது.

அன்று காலை கௌண்டாரில் எங்களை உபசரித்த அம்மாள், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு அறை, ராத்திரி சாப்பாடு, காலையில் கேழ்வரகு ரொட்டி, டீ. எங்களில் ஒருவர் பேரம் பேசத் தொடங்கினார். "சுவாமி தரிசனத்துக்குப் போகிறவர்களிடம் இவ்வளவு வாங்கலாமா?"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. வாசலில் இருந்த கோதுமை மாவு மூட்டையைக் காட்டினார். "இது கீழேயிருந்து கோவேறு கழுதை முதுகில் வருகிறது பேட்டி. அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் சுவாமி உகிமட்டுக்கு இறங்கிவிடுவார். அப்புறம் ஆறு மாதம் யார் வருவார்கள்?" என்றார். எங்களுக்குப் பேச்சு எழவில்லை. கேட்டதைக் கொடுத்தோம்.

யோசித்துப் பாருங்கள்... பக்தி நம்முடையது, அதற்கான நஷ்டம் மட்டும் அந்த ஏழைக் குடும்பத்துக்கா? உழைப்புக்கு விலை வாங்குவதால் ஒருவருடைய தர்மம் குறைந்துவிடாது. காசு கொடுப்பதும் இழிவான காரியம் இல்லை. யாரிடமும் கையேந்தாமல் தலைநிமிர்ந்து நடக்க வைப்பது அந்தக் காசுதானே!

ஆனால், அந்தத் தாளில் எழுதப்படாத சில விஷயங்கள் இருந்தன. எங்களோடு அறுபது வயதைத் தாண்டிய அத்தை ஒருவர் வந்திருந்தார். முதல் நாள் நடையிலேயே அவர் காலில் கொப்புளம். இரவில் அந்த அம்மாள் கடுகெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து, கொப்புளத்தைச் சுற்றிப் பதமாகத் தடவிவிட்டார். காலையில் கணக்குத் தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எண்ணெய்க்குக் கணக்கு இல்லை.

அத்தையை அழைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறியதில், கூன் சட்டியை அடையும்போதே வெளிச்சம் மங்கிவிட்டது. கோயிலுக்கு இன்னும் ஏற்றம் பாக்கி. டீ போட்டுக் கொடுத்த கடைக்காரர் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அடுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். கோயில் மணியோசை கேட்கும் இடம் வரை அத்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பணத்தை நீட்டினேன். டீக்கு உண்டானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "ஆரத்தி ஆரம்பித்துவிடும், போங்கள்" என்றார். அவ்வளவுதான். டார்ச் வெளிச்சம் வளைந்து வளைந்து கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

கர்நாடகத்து வீரசைவ ஜங்கமர் மரபைச் சேர்ந்தவர்கள் இங்கே பூஜை செய்வது வழக்கம். எங்கோ தெற்கே பிறந்தவர் இமயத்தின் உச்சியில் காட்டிய ஆரத்தியில், வயிறாகவும் நாபியாகவும் வெளிப்பட்ட பெருமானைக் கண்குளிரத் தரிசித்தோம். ஊர் திரும்பினோம். கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2023 ஆகஸ்ட்டில் ஒரு செய்தி. பெருமழையில் பாண்டோலி பாலம் அடித்துச் செல்லப்பட்டு, மத்யமகேஷ்வர் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட பக்தர்கள் சிக்கிக்கொண்டார்கள். மீட்புப் படையினர் போராடி மீட்டார்கள். படித்ததும் எனக்குப் பதறியது. கௌண்டார் அம்மாள் எப்படி இருக்கிறாரோ? கூன் சட்டிக்காரரின் மகன்? நோட்டுத் தாளின் பின்பக்கம் எழுதித் தந்திருந்த எண்ணுக்கு இரண்டு நாள் விடாமல் போன் போட்டேன். மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. "நாங்கள் சௌக்கியம். அத்தையின் கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

பைசா பாக்கி இல்லாமல் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு ஏன் இந்தப் பதற்றம்? காசு வாங்கியவருக்கு ஏன் இந்த விசாரிப்பு? அப்போதுதான் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஓரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் சிறுமியாக இருந்தபோது எங்கு பார்த்தாலும் நெல்வயலும் ஏரியும்தான். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது; 2010-ல் ஓரகடத்திலும் கார்கள் தயாராக ஆரம்பித்தன. வேலை தேடி வந்தவர்களுக்காக ஊரெங்கும் லைன் வீடுகள் எழும்பின. அப்பாவும் பின்பக்க இடத்தில் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். வந்தவர்களில் பலர் வடக்கத்திப் பிள்ளைகள். ஷிப்டுக்குப் போவார்கள், வருவார்கள், ஐந்தாம் தேதி வாடகை தருவார்கள். அதற்கு மேல் அவர்களோடு எங்களுக்கு ஒரு வார்த்தையும் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூடிக் கிடந்தன. வெளிமாநிலத் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை உத்தரவும் போட்டது. நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏப்ரல் ஐந்தாம் தேதி அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே பணத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டோம். 'சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க தம்பி?' என்று அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மே மாதத்தில் ஒருநாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்கள். வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று அப்பா திருப்தியாகச் சொன்னதும் நினைவிருக்கிறது.

கௌண்டார் அம்மாளும் காசு வாங்கினார். நாங்களும் காசு வாங்கினோம். ஆனால், காசு வாங்கிய பிறகும் எதிரில் இருப்பவரின் காலில் உள்ள கொப்புளம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கூலியும் வாடகையும் பொருளுக்கும் இடத்துக்கும்தான் விலை. எதிரில் நிற்பவர் மனிதர் என்ற கடனுக்கு அது ரசீது ஆகாது. இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு இமயமலை ஏற வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பாடம் எங்கள் ஊர்க்கோடியிலேயே இருந்தது! 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், தம் வாழ்நாளில் நடந்த தூரத்துக்கு அளவே இல்லை. ஒரு முறை அவர் சீடர்களோடு திருமலை நோக்கி நடந்து போகும்போது, அஷ்டசகஸ்ரம் என்னும் ஊரில் இருந்த எஞ்ஞேசர் என்ற செல்வந்தச் சீடரின் வீட்டில் தங்க எண்ணி, முன்னதாக இரண்டு வைணவர்களை அனுப்பிவைத்தார். ஆசாரியர் வருகிறார் என்றதும் எஞ்ஞேசருக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு ஏற்பாடு செய்ய உள்ளே ஓடினார். நடந்து களைத்து வந்து சேதி சொன்ன அந்த இருவரையும் 'உட்காருங்கள்' என்று சொல்லவோ, ஒரு வாய் தண்ணீர் தரவோ அவருக்குத் தோன்றவில்லை. இருவரும் திரும்பிப்போய் நடந்ததைச் சொன்னார்கள். ராமானுஜர் அந்தப் பெரிய வீட்டுக்குப் போகவில்லை. அதே ஊரில் பரம ஏழையாக இருந்த பருத்திக்கொல்லை அம்மாளின் குடிசைக்குப் போனார் என்கிறது குருபரம்பரைக் கதை.

எஞ்ஞேசர் கெட்டவர் இல்லை. குரு பக்தியில் குறை இல்லை. வாசலில் நின்றவர்களை மட்டும் அவர் பார்க்கவில்லை. நாம் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்! சுவாமிக்குச் சந்தனக் காப்பு சாத்துகிறோம், அன்னதானத்துக்குச் சீட்டு வாங்குகிறோம். பின்பக்க அறையில் காய்ச்சலோடு படுத்திருப்பவரைக் கேட்பதில்லை. 'அவர்தான் வாடகை கொடுக்கிறாரே!'

கூன் சட்டிக்காரரின் டார்ச் வெளிச்சத்துக்கு நான் கூன் சட்டியில் திருப்பிச் செலுத்த முடியாது. அவர் மறுபடி என்னைப் பார்க்கப்போவதும் இல்லை. அந்தக் கடனை என் வீட்டு வாசலுக்கு வருகிறவரிடம்தான் அடைக்க முடியும்.

இப்போதும் பின்பக்க அறைகளில் நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்தாம் தேதி வாடகை வாங்குகிறோம். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் அம்மா, தான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு இந்தி வாக்கியத்தில் "கானா காயா?" என்று கேட்கிறார். சில நாள் தோசைத் தட்டும் போகிறது.

2020 ஏப்ரல் மாத வாடகை மட்டும் அப்பாவின் நோட்டில் வரவாகவே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளின் எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.