பூட்டிய சிப்பும் திறந்த கருவியும்

நான் படிப்பிக்கும் பாடசாலை பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பழைய மாணவரொருவர் சில வருடங்களுக்கு முன் எங்களுக்குத் தானியங்கி மணியொன்றைச் செய்து தந்தார். நேரம் பார்த்து மணியடிப்பது அதிலுள்ள சிறியதொரு சிப்பின் வேலை. பின்னர் அவர் வெளிநாடு போய்விட்டார். பாடவேளைகள் மாறின, மணி மாறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காகப் பாடசாலை கலைந்த பின்னும், ஆளில்லாத வகுப்பறைகளுக்கு அது கடமை தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது.

சிப்பில் பழுதில்லை. உள்ளிருக்கும் நிரலை எவரும் வாசிக்காதபடி அவர் பூட்டியிருந்தார். அந்த வகைச் சிப்பில் பூட்டை நீக்குவதென்றால், உள்ளிருக்கும் நிரலையும் சேர்த்தே அழிக்கவேண்டும். தன் உழைப்பைக் காக்க நினைத்தது குற்றமா? திருத்தவே முடியாத பொருளைப் பிறர் கையில் கொடுப்பது நியாயமா? இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை.

தோட்டத்து லயத்திலிருந்து வரும் உயர்தர வகுப்பு மாணவனொருவன் வழி தேடினான். ஜேர்மனியரான தோமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்த யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. என்னும் கருவியைச் செய்ய முனைந்தான். ஒரு சிப், ஒரு கிறிஸ்டல், தடையிகள் போன்ற சில சிறு பாகங்கள், அவ்வளவுதான். ஆறு கம்பிகளால் இன்னொரு சிப்போடு இணைந்து நிரலை எழுதும். எழுதியதை வாசித்துச் சரிபார்க்கும். அதன் சுற்றுப்படமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. எவரும் செய்யலாம், மாற்றலாம்.

ஆனால் அந்தக் கருவிக்குள் இருக்கும் சிப்பும் முதலில் வெறும் சிப்தான். அதற்கு நிரலேற்ற ஏற்கனவே ஒரு கருவி வேண்டும்! பதுளை நகரில் வானொலி திருத்தும் ஒருவர் தம்மிடமிருந்த ஆர்டுயினோ பலகையைக் கொடுத்துதவினார். 2005 இல் இத்தாலியின் இவ்ரேயாவில் மாணவருக்கென உருவான அந்தத் திறந்த பலகையால் வேறு சிப்புக்கும் நிரலேற்றலாம். அரைமணி நேர வேலை. அவர் காசு வாங்கவில்லை.

திறந்து வைத்தால் செய்தவரின் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். ஆர்டுயினோவின் வரைபடங்கள் வெளியே கிடக்கின்றன. பலகைகளும் உலகெங்கும் விலைபோகின்றன. 1206 இல் அல்ஜஸரி தமது ஐம்பது பொறிகளைப் பற்றிய நூலை முடித்தபோது, அவற்றைச் செய்யும் விதத்தையும் படங்களோடு விளக்கினார். அதனால் அவர் பெயர் குறையவில்லை. எண்ணூறு வருடங்கள் தாண்டியும் நிற்கிறது.

எனக்குப் புரிந்தது இதுதான். திறந்த வடிவமைப்பு ஓர் அனுமதி மட்டுமே. கையில் ஏற்கனவே கருவி உள்ளவர் அதை அடுத்தவருக்கு நீட்டும்போதுதான் அந்த அனுமதி பயன்தருகிறது. மறைக்காதிருப்பதோடு கடமை முடிந்துவிடாது. கரும்பலகையில் எழுதிவிட்டால் கற்பித்தாயிற்று என்றெண்ணும் என்போன்ற ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

மாணவன் பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதினான். பூட்டவில்லை. நிரலின் பிரதியொன்றை மடித்து மணிப்பெட்டிக்குள் வைத்தான். அவனும் ஒருநாள் போய்விடுவான். அதற்குள் கீழ்வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு அந்தக் கருவியைப் பாவிக்கப் பழக்கிவிடும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.