பாதுகாப்பு அதிகாரி யாருடைய ஆள்?

2015 ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 31 ஆம் நாள். பொழுது புலராத நேரம். இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் கழிவு நீரைத் தூய்மையாக்கவென்று அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலே, சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் சரிந்தது. அடுத்திருந்த தோல் பதனிடும் சாலையில் உழைத்துக் களைத்து உறங்கிக் கிடந்தவர்கள் மீது அந்தச் சேறு பாய்ந்தது. மாண்டவர் பதின்மர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

விதி என்றனர் சிலர். விதியாம்! சேற்றின் எடை எவ்வளவு, சுவர் தாங்கும் அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிடப் பொறியியல் இருக்கிறது. தொட்டியை ஒட்டி மனிதர் படுக்கலாமா என்று கேட்கப் பகுத்தறிவு இருக்கிறது. தலையெழுத்தைப் படித்துக் காட்டியவர் இந்நாள்வரை எவருமில்லை. சுவரில் விழும் விரிசலைப் படிக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேர் உண்டு. அப்படிப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்தான் பாதுகாப்பு அதிகாரி. அவரைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அவர் யாருடைய ஆள்? முதலாளியிடம் சம்பளம் பெறுகிறார். தொழிலாளியின் உயிரைக் காக்க வேண்டியவர். இரண்டும் முரண்படும் நாளில் எவர் பக்கம் நிற்பது அறம்?

இக்கேள்வியைத் தோல் சாலையிலே கேட்பதற்கு முன், படை மருத்துவமனை ஒன்றிலே கேட்டுப் பார்ப்போம். 1854 இல் கிரிமியப் போர். துருக்கி நாட்டின் ஸ்கூட்டாரியில் பிரிட்டிஷ் படைக்குப் பெரிய மருத்துவமனை. குண்டடிபட்டு வந்தவன் குண்டால் சாகவில்லை. காலராவால் செத்தான், வயிற்றுக்கடுப்பால் செத்தான், காய்ச்சலால் செத்தான். அந்தப் படையின் தலைமை மருத்துவராயிருந்த ஜான் ஹால் என்பார், மருத்துவமனை ஏற்பாடுகள் யாவும் திருப்தியாக உள்ளன என்று மேலிடத்துக்கு எழுதினார். எழுதிய கை எவரிடம் சம்பளம் பெற்ற கை என்பதை மறவாதீர்கள்! புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் செவிலியரும் வந்து சேர்ந்து, துணி துவைத்து, உணவு சீர்செய்து, இரவெல்லாம் விழித்தும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் என்ற அளவை எட்டியது. மார்ச்சில் இலண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்தின் அடியிலே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டு நாறிக் கிடந்ததைக் கண்டது. தோண்டியது, கழுவியது, காற்றுக்கு வழி திறந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசியது. சூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வீழ்ந்தது.

அன்பு போதவில்லை, தோழர்களே! விளக்கேந்திய மங்கை என்று அம்மையாரைப் பாடப் புத்தகங்கள் போற்றுகின்றன, போற்றட்டும். ஆனால் அவரே பின்னாளில் எண்களைக் கையிலெடுத்து, படத்தால் விளக்கி, கழிவும் காற்றும்தான் சிப்பாயைக் கொன்றன என்று ஆட்சியாளரிடம் வாதாடினார். விளக்கைப் பாடியவர்கள் அந்தக் கணக்கைப் பாடவில்லை.

அந்தக் குழு வென்றது எதனால்? மருத்துவமனைத் தலைவருக்கு அது கட்டுப்பட்டதன்று. அமைச்சரின் ஆணையோடு வந்தது. கண்டதைச் செய்விக்கும் அதிகாரமும் பெற்றிருந்தது. உள்ளே இருந்தவரோ மேலிடம் விரும்புவதை எழுதினார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சிப்பாயின் மீது அரசு அக்கறை கொண்டதற்கு அருள் மட்டுமே காரணமன்று. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்து வந்தனர் என்று 1863 இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை கணக்குக் காட்டிற்று. சீமையிலே ஆள் திரட்டி, பயிற்றி, கப்பலேற்றிக் கொணர்ந்தவன் செத்தால் இன்னொருவனைக் கொணரச் செலவு. எனவே வடிகால் வெட்டினார்கள். தோல் சாலைக் குழியில் இறங்குகிறவன் செத்தாலோ, மறுநாள் காலை வாயிலில் இன்னொருவன் நிற்கிறான்! விலை மலிந்த உயிருக்கு வடிகால் வெட்டுவார் யார்?

இனி ஆம்பூருக்கு வருவோம். பச்சைத் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். பின்னர் ஊறலுக்குக் கந்தக அமிலம், அதன்பின் குரோமியம். சல்பைடு நீரும் அமில நீரும் ஒரே கழிவுத் தொட்டியில் கூடினால் பிறப்பது ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுக் காற்று. காற்றினும் கனமானது, குழியின் அடியிலே பதுங்கும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணி இறங்குகிறவனைச் சில மூச்சுக்குள் சாய்த்துவிடும். அவன் சாய்ந்ததைக் கண்டு அண்ணன் இறங்குவான். அவனைத் தேடி நண்பன் இறங்குவான். இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் பிறரைக் காக்கச் சென்றவர்களே என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986 இல் எச்சரித்தது.

அந்த அண்ணனை வீரன் என்று புகழலாமா? ஆம்பூரிலே பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் உண்டு. ஊரின் ஆநிரைக்காகப் போரிட்டு வீழ்ந்தவர்க்கு எடுத்தவை. அதே ஊரில், அந்த மாட்டின் தோலைப் பதப்படுத்திய கழிவிலே மூழ்கிச் சாகிறவனுக்குக் கல் நடுவார் எவருமில்லை. நட வேண்டும் என்பதும் என் வாதமன்று. அவன் வீரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வீரத்துக்குத் தேவை ஏன் வந்தது? மேலே ஒருவன் நின்று பிடிக்கும் கயிறும், காற்றை அளக்கும் கருவியும், உள்ளே நல்ல காற்றைச் செலுத்தும் விசிறியும் இருந்திருந்தால் அண்ணன் வீரனாக வேண்டியதில்லை. உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பான். வீரத்தைப் பாடிப் பாடியே கயிறு வாங்காமல் தப்பித்துக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்பீர்கள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலே, நச்சுக் காற்றுள்ள இடத்தில் சோதிக்காமல் ஆளை இறக்கலாகாது என்று விதி இருந்தது. 1976 இல் அதைத் திருத்தி, ஆயிரம் பேருக்கு மேல் உழைக்கும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றனர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 500 ஆகவும், அபாயத் தொழிலுக்கு 250 ஆகவும் குறைத்திருக்கிறது. நன்று. ஆனால் இவ்வட்டாரத்துத் தோல் சாலைகளில் பல அந்த எண்ணை எட்டாதவை. நச்சுக் காற்று வருமுன் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டா வருகிறது? கழிவுக் குழிக்குள் மனிதனை இறக்குவதைத் தடுக்க 2013 இல் தனிச் சட்டமே வந்தது. அப்படி இறங்கி மாண்டவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் கூறியது. 2023 இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. உயிரின் விலை ஏறினால் அக்கறையும் ஏறும் என்ற அந்தப் பழைய படைக் கணக்கு இங்கும் பலிக்கக்கூடும். பலிக்கட்டும்! பலிக்கிறது என்பதற்காக நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அந்தக் குழியில் இறங்குகிறவன் பெரும்பாலும் எந்தச் சேரியிலிருந்து வருகிறான் என்பதையும் ஊர் அறியும். தோல் தீட்டு என்று தொடாமலிருந்தவர்கள், தோல் வணிகத்திலே டாலர் வந்தபோது தீட்டை மறந்தார்கள். குழியை மட்டும் பழைய ஆளுக்கே விட்டு வைத்தார்கள்.

மறுதரப்பு வாதத்தையும் கேட்போம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி ஆலைக்குப் போகும் பெண்ணின் கூலியில்தான் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. பாலாற்றைக் கெடுத்த தோல் சாலைகள் பற்றி 1996 ஆகஸ்டு 28 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கெடுத்தவரே ஈடு செய்க, கேடு வருமுன் காக்க என்ற நெறிகளை நாட்டின் சட்டமாக்கியது. அன்றும் இங்கே தொழிலாளியின் நெஞ்சில் எழுந்த அச்சம், ஆலை மூடினால் சோறு ஏது என்பதுதான். அந்த அச்சத்தை நான் எள்ள மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன்: பாதுகாப்பு அதிகாரி ஆலையைப் பூட்டப் பூட்டோடு வருகிறவர் அல்லர். ஒரு குழியை, ஒரு மணி நேரம், காற்றை அளக்கும் வரையில் நிறுத்தச் சொல்கிறவர். அதற்கே அஞ்சும் ஆலை எதற்கு அஞ்சாது?

ஆனால் அப்படி நிறுத்தச் சொன்னால் அவர் வேலை நிலைக்குமா? இங்கேதான் சிக்கல். தனி மனிதரின் நெஞ்சுரத்தை நம்பி அமைப்பை நடத்த முடியாது. எல்லாரும் நக்கீரர் ஆக மாட்டார்கள். ஆதலின் அவரை நியமிப்பதும் நீக்குவதும் முதலாளி கையில் மட்டும் இருத்தல் கூடாது என்பதே என் முடிவு. சிறு சாலைகள் பல சேர்ந்து கழிவு நீருக்குப் பொது நிலையம் வைக்கும்போது, பொதுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைக்க இயலாதா? அவர் சம்பளம் பொது நிதியிலிருந்து வரட்டும். அறிக்கை அரசுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரே நாளில் போகட்டும். குழிக்குள் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டில், காற்றை அளந்தவர் ஒப்பமிட்ட பின், இறங்குகிறவனும் அதைப் படித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும். மாட்டேன் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை வேண்டும்.

படித்துப் பார்த்து என்றேன். எந்த மொழியில்? இராணிப்பேட்டையில் மாண்டவருள் பெரும்பாலோரின் தாய்மொழி வங்காளம். புரியாத மொழி தலையில் சுமத்தப்படுவது எத்தகைய கொடுமை என்பதை 1965 இல் நாட்டுக்கே உணர்த்திய மண் இது. அந்த மண்ணின் ஆலைகளில், அபாயம் என்ற சொல் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதப்பட்டிருந்தால், வங்கத்துத் தொழிலாளிக்கு அது வெறும் கோலம்தான். அடுத்த முறை தோல் சாலை வாயிலுக்குத் துண்டறிக்கையோடு செல்லும் தோழர்கள், உள்ளே தொங்கும் பலகையில் எத்தனை மொழி இருக்கிறது என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.