உடன்பாடும் வினையே



நாம் நாள்தோறும் உருட்டும் ஜெபமாலையில் நூற்றெட்டு மணிகள் உள்ளன. ஏன் நூற்றெட்டு என்று பிள்ளைகள் கேட்டால், பெரியோர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைக் காட்டுவர். ஒரு செயலை மனத்தில் கொள்ளுதல், அதற்கு வேண்டிய கருவிகளைத் திரட்டுதல், அதனைத் தொடங்குதல் என மூன்று. அம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றால் நிகழ்வன. அவற்றைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மீண்டும் மூன்று. இவற்றைச் சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு கஷாயங்களால் பெருக்கினால் நூற்றெட்டு ஆகிறது. ‘உடன்படுதல்’ என்னும் மணி விரலிடையே வரும்போது நாம் பெரும்பாலும் விரைந்து தள்ளிவிடுகிறோம். இம்முறை அங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பர் 4 ஆம் நாள் காலை, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், ஓர் ஓட்டலின் வாயிலருகே பிரையன் தாம்சன் என்பவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் ஹெல்த்கேரின் தலைமை நிர்வாகி அவர். முதலீட்டாளர் கூட்டத்திற்குச் சென்றுகொண்டிருந்தவர். இரு மக்களின் தந்தை. தோட்டா உறைகளில் ‘தாமதி’, ‘மறு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. ஐந்தாம் நாள் பிடிபட்ட இளைஞர், தாம் குற்றவாளி அல்லர் என்று நீதிமன்றத்தில் கூறினார். அவ்வழக்கை ஆராய்வது நம் பணியன்று.

நம்மை நிற்க வைத்தது வேறொன்று. நிறுவனம் வெளியிட்ட இரங்கற் செய்தியின்கீழ்ப் பல்லாயிரவர் சிரிப்புக் குறியிட்டனர். அமெரிக்காவில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் நமக்கு எழுதினார்: “டீச்சர், செய்தியைப் படித்ததும் மனத்துக்குள் ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று. அது பாவமா?” இப்படிக் கேட்க நேர்மை வேண்டும்.

முதலில் அச்சினத்தின் காரணத்தைப் பார்ப்போம். காரணமில்லாத சினம் அன்று அது. அந்நாட்டில் மருத்துவச் செலவு சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. ஆகவே மாதந்தோறும் பிரிமியம் செலுத்துகின்றனர். நோய் வந்தபின், மருத்துவர் எழுதிய சிகிச்சை தேவைதானா என்று நிறுவனம் முடிவு செய்கிறது. அரசின் சந்தை வழியே விற்கப்படும் காப்பீடுகளில், 2023 ஆம் ஆண்டு, நிறுவனங்களின் தொடர்பிலுள்ள மருத்துவர்கள் அளித்த சிகிச்சைக்கான கோரிக்கைகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மறுக்கப்பட்டது. மேற்சொன்ன நிறுவனம், முதியோருக்கான திட்டத்தில், மருத்துவமனையிலிருந்து வந்தபின் தேவைப்படும் பராமரிப்புக்கு அனுமதி மறுத்த அளவு 2020 இல் நூற்றுக்கு 10.9, 2022 இல் 22.7. இது செனட் சபையின் விசாரணைக் குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளது. மறுப்பெல்லாம் அநீதி என்று நாம் சொல்லவில்லை. பொய்க் கோரிக்கைகளும் உண்டு. ஆனால் இரண்டே ஆண்டுகளில் முதியோரின் நோய் பாதியாகக் குறைந்துவிட்டதா என்ன?

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர். இக்காலம் ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்துவிட்டது. அவர் நோயாளியைக் கண்டவர் அல்லர். நாடி பிடித்தவர் அல்லர். தாளை மட்டும் பார்ப்பவர். அதையேனும் பார்த்தாரா என்பதும் ஐயத்திற்குரியது. சிக்னா என்னும் மற்றொரு நிறுவனத்தின் மருத்துவர்கள் 2022 இல் இரண்டு மாதங்களில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட கோரிக்கைகளை, ஒவ்வொன்றுக்கும் சராசரி 1.2 நொடி மட்டுமே செலவிட்டு மறுத்தனர் என்று ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023 இல் எழுதிற்று. சிக்னா தன் நடைமுறையில் தவறில்லை என்றது.

இங்கே ஆசிரியையாக ஓர் இலக்கணக் குறிப்பும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மறுப்புக் கடிதத்தில் ‘நாங்கள் மறுத்தோம்’ என்று இராது. ‘தங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது’ என்றே இருக்கும். செயப்பாட்டுவினையில் செய்தவன் மறைந்துகொள்ளலாம். விதியை எழுதியவர் ஒருவர், கணிப்பொறிக்கு அதனைக் கற்பித்தவர் ஒருவர், கையொப்பமிட்டவர் ஒருவர், கடிதத்தை அனுப்பியவர் ஒருவர். கொன்ற கை எது என்று தேடினால் ஒரு கையும் அகப்படாது. எவரும் தம்மைக் கொடியவராக எண்ணாமல் இரவில் உறங்கலாம்.

அருகன் அறம் அவ்வாறு உறங்க விடுவதில்லை. இம்சை என்பதற்குச் சூத்திரம் தரும் இலக்கணத்தைக் கவனியுங்கள். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று அது கேட்கவில்லை. பிரமாதத்தோடு, அதாவது கஷாய வயப்பட்ட கவனமின்மையோடு, உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்கிறது. 1.2 நொடி என்பதற்குப் பிரமாதம் என்பதன்றி வேறு பெயர் ஏது? தன்வினை, பிறவினை என்று நாம் வகுப்பில் கற்பித்ததைத்தான் சூத்திரமும் செய்தல், செய்வித்தல் என்கிறது. செய்வித்தவன் வீட்டுக்கும் வினை வழி தெரிந்தே வருகிறது. செல்வத்தைக் காப்பதிலேயே மனம் ஒன்றிக் கிடப்பதை ரௌத்திர தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசாரியர்.

அந்நால்வகையில் முதலாவது எது? இம்சையில் மனம் ஒன்றி மகிழ்தல். நம் மாணவர் கேட்ட மகிழ்ச்சி அதுதான். பணத்தைக் காத்து மகிழ்ந்தவரும், அவர் மாய்ந்ததில் மகிழ்ந்தவரும் ஒரே தியானத்தின் இரு கிளைகளில் அமர்ந்திருக்கின்றனர். துப்பாக்கி எவர் கையில் இருந்தாலும், சிரித்தவர் உடன்படுதல் என்னும் மணியை உருட்டிவிட்டார். நரக கதிக்கு வித்தென்று சொல்லப்பட்ட தியானம் இது. அநீதியைக் கண்டு பிறந்தது என்பதால் அது தரும தியானம் ஆகிவிடாது.

இதற்கு மறுமொழியாக, இல்லறத்தாருக்கு எதிர்த்து வருபவனைத் தடுக்கும் விரோதி இம்சை விலக்கப்படவில்லையே என்று சிலர் வினவக்கூடும். கற்றவர் கேட்கும் வினா இது, தட்டிக் கழிக்கலாகாது. வாள் ஓங்கியவனைத் தடுத்தால் ஓர் உயிர் பிழைக்கிறது. இங்கே எந்த நோயாளி பிழைத்தார்? 2025 ஜனவரியில் அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். மறுப்புக் கடிதங்கள் நிற்கவில்லை. காத்திருந்து பின்னாலிருந்து சுடுவது சங்கற்ப இம்சையே. அதனை அணுவிரதம் ஏற்ற எவரும் நியாயம் என்று சொல்லலாகாது.

அப்படியாயின் சினமே கூடாதா? சினத்திற்கு நம் நூல்கள் நான்கு படி சொல்லும்: கல்லில் கீறிய கோடு, மண்ணில் கீறியது, மணலில் கீறியது, நீரில் கீறியது. இல்லறத்தில் உள்ள நமக்கு நீர்க்கோடு உடனே வாய்த்துவிடாது. கல்லில் கீறாதிருக்க நம்மால் இயலும்.

அத்துறைக்குள் இருந்தவர்களிலேயே ஒருவரைச் சொல்ல வேண்டும். 1996 மே 30 அன்று லிண்டா பீனோ என்னும் மருத்துவர் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன் வந்து, பலர் அறிய ஒப்புதல் அளிக்கவே வந்திருப்பதாகச் சொன்னார். 1987 இல் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தபோது, உயிர் காக்கும் அறுவை சிகிச்சை ஒன்றைத் தாம் மறுத்ததால் ஒரு மனிதர் இறக்கக் காரணமானதாகவும், அதற்காக எவரும் தம்மைக் கேள்வி கேட்கவில்லை என்றும், நிறுவனத்திற்கு ஐந்து லட்சம் டாலர் மிச்சப்படுத்தியதால் தமக்கு நற்பெயரே கிடைத்தது என்றும் கூறினார். செயப்பாட்டுவினையை விட்டுத் தன்வினையில் பேசினார்! குருவின் முன் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைக்கும் ஆலோசனை என்னும் தவம் நம்மிடம் உண்டு. அந்த அம்மையார் சமணர் அல்லர். ஆயினும் அன்று அவர் செய்தது அதுவே. எந்தத் தோட்டாவும் வெளிக்கொணராத உண்மையை அவ்வொப்புதல் வெளிக்கொணர்ந்தது.

நால்வகைத் தானத்தில் மருந்துத் தானத்திற்கு இரத்தினகரண்ட சிராவகாசாரம் எடுத்துக்காட்டாகக் கூறுவது விருஷபசேனையை. முற்பிறவியில் அவள் தியானத்தில் இருந்த முனிவரைக் குப்பையால் மூடியவள். பின்னர் நெஞ்சு நொந்து, அம்முனிவருக்கு மருந்தளித்துப் பணிவிடை செய்தாள். மறுபிறவியில் அவள் நீராடிய நீரே பிறர் நோயைத் தீர்த்ததாம். மருந்துத் தானத்துக்குக் குற்றமே செய்யாத ஒருத்தியை நம் ஆசாரியர் காட்டவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் நமக்கு வியப்பு மேலிடுகிறது.

நம் மாணவருக்கு எழுதிய மறுமொழியில் இக்கதையோடு வேறொரு கணக்கையும் சேர்த்தோம். முன் சொன்ன 2023 ஆம் ஆண்டில், மறுக்கப்பட்ட கோரிக்கைகளுள் மேல்முறையீடு செய்யப்பட்டவை நூற்றில் ஒன்றுகூட இல்லை. செய்யப்பட்டவற்றிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 44 இல் நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. நோயுற்றவருக்கு எழுதத் தெம்பில்லை. முதியவருக்குக் கடிதமே விளங்குவதில்லை. அந்நாட்டுச் சட்டப்படி மறுப்பு வந்த நாளிலிருந்து பொதுவாக 180 நாட்களுக்குள் நிறுவனத்திடமே முறையிடலாம். அங்கும் மறுத்தால், நிறுவனத்தைச் சாராத வெளி ஆய்வாளரிடம் நான்கு மாதங்களுக்குள் போகலாம். மருத்துவரின் கடிதத்தை இணைக்க வேண்டும். சென்னையிலும் இளைஞர் பலர் இரவெல்லாம் கண்விழித்து, அந்நாட்டு மருத்துவமனைகளுக்காகக் காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, நின்றுபோன தொகையைக் கேட்கும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கு இந்நடைமுறை மனப்பாடம். அங்குள்ள நம் பிள்ளைகள் அவர்களைக் கேட்டறிந்து, பக்கத்து வீட்டு முதியவருக்காக ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதித் தரலாம். அதற்கு ஆங்கிலமும் பொறுமையும் போதும். இரண்டும் அவர்களிடம் உண்டு.