மோதிரம் யாருடையது?



சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878-ம் ஆண்டு எழுப்பப்பட்ட யூதர்களின் ஆலயம் இன்றும் நிற்கிறது. அவர்கள் ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்களின் வேதத்தைப் பின்பற்றுவோர். விவாகத்தை அவர்களும் நம்மைப் போல் ஓர் ஒப்பந்தமாகவே நடத்துகிறார்கள். அவர்கள் மார்க்கச் சட்டப்படி ஒரு விவாகம் எதனால் செல்லுபடியாகிறது என்று பார்த்தால், நாமும் சிந்திக்க வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

மணப்பந்தலும், மாப்பிள்ளை காலால் கண்ணாடிக் குவளையை உடைப்பதும், ரப்பி எனும் மார்க்க அறிஞர் முன்நிற்பதும்தான் யூதக் கல்யாணம் என்று பலர் எண்ணுகிறார்கள். குவளை உடைப்பது வழக்கம் மட்டுமே. ரப்பி நடத்தி வைப்பதும் சட்டத்தின் நிபந்தனை அல்ல. அடிப்படை இதுதான்: மாப்பிள்ளை தனக்குச் சொந்தமான, மதிப்புள்ள ஒரு பொருளை, மூஸாவின் மார்க்கப்படி நீ எனக்கு உரியவள் என்ற கருத்துள்ள வாசகத்தைச் சொல்லிப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் மனமொப்பி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். தகுதியுள்ள இரண்டு சாட்சிகள் அதைக் காண வேண்டும். இதற்குக் கித்துஷீன் என்று பெயர். அதன் பின் பந்தலின் கீழ் இல்லறம் சேர்க்கும் சடங்கு நடைபெறும். முற்காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஓராண்டு வரை இடைவெளி இருந்ததுண்டு; இப்போது ஒரே வேளையில் முடிகின்றன.

பொருள் எவ்வளவு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும்? ஷம்மாயின் வழியினர் ஒரு தீனார் என்றார்கள். ஹில்லேலின் வழியினர் பெரூட்டா எனும் மிகச் சிறிய செப்புக்காசு போதும் என்றார்கள். ஹில்லேலின் கூற்றே நிலைத்தது. அது அரை வாற்கோதுமை மணியின் எடையுள்ள வெள்ளி என்று கணக்கிடுவார்கள். ஏழைக்கும் கதவு அடைபடவில்லை. நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் ஓர் ஏழைத் தோழரை, இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிவர அனுப்பியதை நாம் அறிவோம்.

தொகையில் இவ்வளவு தாராளம் காட்டிய சட்டம் வேறு மூன்று விஷயங்களில் கண்டிப்பாக நிற்கிறது.

முதலாவது, மோதிரம் யாருடையது? திருடிய பொருளால் விவாகம் ஆகாது. பிறர் மோதிரமானால், முதலில் அதை நன்கொடையாகப் பெற்றுத் தன் உடைமையாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பெண் அதன் மதிப்பை அறிவாளா? கல் பதித்த மோதிரத்தின் விலையை அவள் தவறாக நினைத்துவிட்டால் அவளுடைய சம்மதத்தில் பழுது வரும் என்பதால், கல் இல்லாத வெறும் மோதிரத்தையே வழக்கமாக அணிவிக்கிறார்கள். கடையில் சரக்கின் தரத்தை மறைத்து விற்றால் வியாபாரம் கெடும் என்பதை அறிந்த நமக்கு இது விளங்காததல்ல. மூன்றாவது, யார் கண்டார்கள்? சாட்சிகள் இல்லையேல், எங்களுக்கு விவாகம் நடந்தது என்று இருவரும் சேர்ந்து சொன்னாலும் அது விவாகமன்று.

இத்தோடு கெத்துபா எனும் பத்திரமும் உண்டு. கன்னிக்கு 200 சூஸ், விதவைக்கு 100 சூஸ் என்பது அதன் அடிப்படைத் தொகை. கணவன் இறந்தாலும் விலக்கினாலும் அது அவளுக்குச் சேர வேண்டிய கடன்.

இவ்வளவு காவல் இருந்தும் ஒரு குறை தங்கிவிட்டது. கட்டைப் பிரிக்கும் கெட் எனும் விலக்குச் சீட்டைக் கணவனே கொடுக்க வேண்டும். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரப்பி கெர்ஷோமின் பெயரால் வழங்கும் கட்டளை, மனைவியின் சம்மதமின்றி விலக்கக் கூடாது என்று தடுத்தது. ஆனால் கணவன் கொடுக்க மறுத்தால் அவள் வேறு மணமின்றிக் கட்டுண்டு நிற்கிறாள். அவளை அகூனா என்கிறார்கள். இஸ்ரேலில் 1995-ம் ஆண்டுச் சட்டம், மறுக்கும் கணவனின் வாகன லைசென்ஸைத் தடுக்கவும், அவனைச் சிறையிடவும்கூட மார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அப்போதும் சீட்டு அவன் கையிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே ஒரு விவாகம் செல்லுவது வேறு, அது நியாயமாக நடப்பது வேறு. முன்னதைச் சாட்சிகள் காட்டுவார்கள். பின்னதை அல்லாஹ்வே அறிவான்.

நம்மிடம் குல்உ, பஸ்கு என்ற வழிகள் இருக்கின்றன என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்த முதல் கேள்வியை நம் வீட்டுக் கல்யாணத்திலும் கேட்டுப் பார்ப்போம். வலீயும், இரு சாட்சிகளும், ஈஜாபு கபூலும் சரியாக அமைந்தால் நிக்காஹ் செல்லும். ஆனால் பெண்ணின் தகப்பனாரிடம் கைக்கூலி என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே ஒரு சிறு தொகையை எடுத்து மஹர் என்று கொடுக்கும் மாப்பிள்ளை, கொடுத்தது யாருடைய பணம்? திருமறையின் நிஸா அத்தியாயம் பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. வாங்கியதில் ஒரு துண்டைத் திருப்பித் தருவது கொடுப்பதாகுமா? தப்தரில் எழுதியதோடு விட்டுவிட்டு, ஆயுள் முழுதும் கொடுக்காமலே போகும் மஹரைப் பற்றி என்ன சொல்வது?

பிள்ளைகளுக்குப் பெண் பார்க்கும் தகப்பன்மார்கள் இதை யோசிக்க வேண்டும். அரை மணி எடை வெள்ளியானாலும் அது அவனுடையதாக இருக்கட்டும். அது அவள் கையில் சேரட்டும்.

வல்ல அல்லாஹ் நமக்கு நேர்மையான கொடுக்கல் வாங்கலை அருள்வானாக! ஆமீன்.