மூடிய பலகைக்குச் சாட்சி யார்?



ஒரு கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். ஒருவர் தமது மீன்பிடி வள்ளத்தை விற்க எண்ணுகிறார். வெளியே பார்த்தால் வள்ளத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே குறை இருப்பது அவர் ஒருவருக்கே தெரியும். வாங்க வந்தவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேளாத கேள்விக்கு விடை சொல்ல அவர் கடமைப்பட்டவரா?

"கேட்டால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பொய் ஒன்றும் பேசவில்லையே!" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் நியாயம். வள்ளத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும், ஏன், கல்யாணப் பேச்சுக்குங்கூட இதே நியாயத்தைச் சொல்லுகிறவர்கள் உண்டு. அது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரிந்த உக்கலும் தெரியாத உக்கலும்

நமது மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் அது கடலுக்கு வாய் திறக்கின்றது. வாவிக்குள் தொழில் செய்வோருக்கு மரத்தோணியும் கம்பும் துடுப்பும் பழகிய தோழர்கள். ஆழக்கடலுக்குப் போவோருக்கோ இன்று எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளமே கதி.

மரத்தோணியில் ஒரு நல்ல குணம் உண்டு. அது தன் நோயை மறைப்பதில்லை. பலகை உக்கினால் நிறம் மாறும். கத்தி முனையால் குத்தினால் உள்ளே இறங்கும். தோணி வாங்கப் போகிறவர் அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தால் போதும். பார்த்து வாங்கியவனே பொறுப்பு என்ற பழைய சொல்லுக்கு அக்காலத்தில் ஓரளவு நியாயம் இருந்தது.

பைபர் வள்ளம் அப்படியல்ல. பைபர் உக்காது என்பது உண்மை. ஆனால் வள்ளம் முழுவதும் பைபர் அல்ல. அணியத்துக்கு எதிர்ப்புறத்தில், எஞ்சினைத் தாங்கி நிற்கும் பின்பலகையைக் கவனியுங்கள். எஞ்சின் பலகை என்றால் எல்லோருக்கும் விளங்கும். பெரும்பாலான வள்ளங்களில் அதன் நடுவே இருப்பது மரம். பிளைவுட் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி, இருபுறமும் கண்ணாடியிழையும் றெசினும் பூசி மூடிவிடுகிறார்கள். வெளியே தெரிவது தோல் மட்டுமே; பாரத்தைச் சுமப்பது உள்ளே இருக்கும் மரம். எஞ்சினின் பாரமும், அது தண்ணீரைத் தள்ளும் விசையும், அலையில் ஏறி விழும்போது உண்டாகும் அதிர்வும் இந்த ஒரு பலகையிலேயே வந்து சேருகின்றன.

எஞ்சினைப் பூட்டுவதற்குப் பலகையில் துளை போடுகிறார்கள். தண்ணீர் வடிவதற்கும் ஒரு துளை உண்டு. துளையின் உட்சுவர் றெசினால் மூடப்படாவிட்டால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மரத்துக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேற வழி இல்லை. முற்றாகக் காய்ந்த மரம் உக்குவதில்லை. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மரமும் இலேசில் உக்குவதில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்த இடத்திலேயே மரத்தைத் தின்னும் பூஞ்சணம் வளரும். அரைகுறையாக மூடிய பலகையின் உட்புறம் அதற்கு ஏற்ற வீடு. இப்படி வருடக்கணக்காக உள்ளே உக்கல் நடக்க, வெளியே வர்ணம் பளபளக்கும்.

பழைய தோணியை வாங்குகிறவர் தமது கண்ணை நம்பினார். பைபர் வள்ளத்தை வாங்குகிறவர் விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது. பொருள் மாறியபோது பொறுப்பும் இடம் மாறிவிட்டது. இதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

முற்றத்தில் நடக்கும் சத்திய சோதனை

எஞ்சின் பலகை உக்கிப்போனால் வள்ளத்தை எறிய வேண்டியதில்லை. வீட்டு முற்றத்தில் வைத்தே அதை மாற்றிக் கட்டலாம். நமது கரையோரங்களில் அப்படிச் செய்கிற ஓடாவிமார் இருக்கிறார்கள். அந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் ஒரு நேர்வழியும் ஒரு குறுக்குவழியும் எதிரெதிரே நிற்கும்.

முதலில் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய இடம் மங்கிய ஓசை தரும். சிறு துளை ஒன்று போட்டால் வரும் தூளே உண்மையைச் சொல்லிவிடும். ஈரமான கறுத்த தூள் வந்தால் ஐயமில்லை. பின் எஞ்சினைக் கழற்றி, உட்புறத்து பைபர் தோலை வெட்டி எடுத்து, உக்கிய மரத்தை உளியால் சுரண்ட வேண்டும். எதுவரை? நல்ல மரம் வரும்வரை. பெரும்பாலும் முழுப் பலகையையுமே எடுக்க வேண்டி வரும். இங்கே முதற் சோதனை. "இவ்வளவு போதும்" என்று பாதியில் நிறுத்தினாலும் மேலே மூடியபின் யாருக்கும் தெரியாது.

அடுத்து, எஞ்சியிருக்கும் வெளித்தோலை நன்றாகத் தேய்த்துத் துப்புரவாக்கி உலரவிட வேண்டும். ஈரத்தின்மேல் றெசின் ஒழுங்காகப் பிடிக்காது. மாரி மழையில் இதைச் செய்வது வீண்; கச்சான் காற்று வீசும் கோடையே உகந்த காலம். ஆனால் தொழில் நிற்கும் நாள் ஒவ்வொன்றும் அடுப்பு எரியாத நாள். "இன்றைக்கே ஒட்டிவிடு" என்று அவசரம் சொல்லும். இது இரண்டாவது சோதனை.

மூன்றாவது சோதனை கடையில். தண்ணீருக்கென்று செய்த மரைன் பிளைவுட் விலை கூடியது. சாதாரணப் பலகையும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கும். பழைய பலகையின் அளவுக்கு அட்டை வெட்டிப் பார்த்து, முக்கால் அங்குலப் பலகை இரண்டை ஒட்டினால் ஒன்றரை அங்குலத் தடிப்பு வரும். அதன் எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், றெசின் ஊறவேண்டும். பின் அதை வெளித்தோலோடு இடைவெளியின்றி இறுக்கி ஒட்டி, மூலைகளைப் பசையால் வளைவாக நிரப்பி, கண்ணாடியிழையைப் படைபடையாக, வள்ளத்தின் பக்கச் சுவரிலும் அடியிலும் ஏறும்படி போட வேண்டும். பலகையை மட்டும் மூடி, சுவரோடு கட்டாமல் விட்டால் அது நிற்கும் பலகையே தவிரத் தாங்கும் பலகை அல்ல.

றெசினில் இறுகவைக்கும் திரவத்தைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே அதற்கு அளவு. நமது வெயிலில் குறைந்த அளவு போதும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பைபர் தூளோ நெஞ்சுக்கு ஆகாது. கண்ணுக்குக் காப்பும் மூக்குக்கும் வாய்க்கும் உறையும் இன்றி, பிள்ளைகள் சுற்றி நிற்க இவ்வேலையைச் செய்வது தன்னுயிருக்கும் பிறருயிருக்கும் செய்யும் அநீதி.

கடைசிச் சோதனை துளைகளில். எஞ்சின் போல்ற்றுக்குரிய துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, றெசின் பசையால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மீண்டும் துளைக்க வேண்டும். அப்போது தண்ணீர் மரத்தைத் தொடாது. இதற்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவை. அந்த ஒரு நாளைத் திருடினால் பழைய நோய் புதிய பலகையிலும் தொடங்கும்.

எல்லாம் முடிந்து வர்ணம் பூசியபின், நேர்வழியில் கட்டிய பலகையும் குறுக்குவழியில் கட்டிய பலகையும் ஒரே மாதிரியே இருக்கும். ஆண்டு சில சென்றபின், முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில், அல்லது கரை தெரியாத தூரத்தில், இரண்டும் வேறு வேறு என்று தெரியவரும். பலகை பிளந்தால் எஞ்சின் போகும். பின்பக்கம் திறந்தால் கடல் உள்ளே வரும். அப்போது வள்ளத்தில் இருப்பவர் பலகையைக் கட்டியவர் அல்லர், விற்றவரும் அல்லர்.

பேசாமல் இருப்பது பொய்யாகுமா?

இக்கேள்வி புதியது அல்ல. கிறிஸ்து பிறப்பதற்கு முன், கி.மு. 44ஆம் ஆண்டில், ரோமாபுரியின் சிசரோ கடமைகளைப் பற்றித் தன் மகனுக்கு ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வீட்டை உதாரணமாக வைக்கிறார். கெட்ட மரத்தால் கட்டப்பட்டு இடிந்துவிழும் நிலையில் உள்ள வீடு. அது உரிமையாளனுக்கு மட்டுமே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? இருபக்க வாதங்களையும் எடுத்துக்காட்டியபின், மறைத்திருக்கக் கூடாது என்றே அவர் தீர்ப்புச் சொல்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இதே கேள்வியை எடுத்து நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். ஒற்றைக் கண் குதிரையைப்போல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைந்தால், விற்பவர் வாய் திறந்து சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. சந்தைக்கு நாளை இன்னும் சரக்கு வரும், விலை இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் நீதி அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை; சொன்னால் அது மேலான புண்ணியம். ஆனால் மறைந்த குறை, வாங்குபவருக்கு ஆபத்தையோ நட்டத்தையோ தரக்கூடியதாக இருந்தால், சொல்லியே ஆகவேண்டும். அவர் தரும் உதாரணங்களில் ஒன்று இடியும் நிலையில் உள்ள வீடு. நமது எஞ்சின் பலகை அதற்குத் தம்பிதானே!

பொய் என்பது வாயில் மட்டும் பிறப்பதில்லை. உக்கிய பலகையின்மேல் புது வர்ணம் பூசுகிறவரின் தூரிகையும் பேசுகிறது. "இது நல்ல பலகை" என்பதே அது சொல்லும் வார்த்தை. எசேக்கியேல் இறைவாக்கினர், பலமற்ற சுவருக்குச் சுண்ணாம்பு பூசியவர்களைக் கண்டித்ததும் இதற்காகவே. அந்தப் பூச்சே அவர்களுடைய பொய்.

சில சாட்டுகள்

"விலையைக் குறைத்துத்தானே கொடுத்தேன்" என்பது ஒரு சாட்டு. காரணம் சொல்லாமல் விலை குறைத்தால், வாங்குபவர் தமது அதிர்ஷ்டம் என்று மகிழ்ந்து, அதே பலகையை நம்பிக் கடலுக்குப் போவார். விலைக்குறைப்பு நட்டத்தை ஈடுசெய்யலாம், உயிரை ஈடுசெய்யாது.

"எனக்கும் இப்படித்தான் விற்றார்கள்" என்பது மற்றொரு சாட்டு. நமக்குச் செய்யப்பட்ட அநீதிக்கு நியாயம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அதை நம்மை ஏமாற்றியவரிடமே கேட்கவேண்டும். அடுத்து வருகிற அப்பாவியிடம் வட்டியோடு அறவிட முடியாது.

"இது தருமமாகக் கொடுத்தது, தானம் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பதும் ஒரு சாட்டு. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் டச்பாரையும் திருச்செந்தூரையும் துடைத்துச் சென்றபின், தொண்டு நிறுவனங்கள் பல வள்ளங்களை வழங்கின. அந்த அன்பை நாம் மறக்கமாட்டோம். ஆனால் அவசரத்தில், அனுபவமற்ற கைகளால் கட்டப்பட்ட தரங்குறைந்த வள்ளங்களும் அவற்றுள் இருந்தன என்பது அக்கால மதிப்பீடுகளில் பதிவாகியுள்ளது. உலக உணவு விவசாய நிறுவனம் 2009இல் பைபர் வள்ளம் கட்டும் முறையைப் படிப்படியாக விளக்கி ஒரு நூலே வெளியிட்டது. தருமம் நீதிக்குமேல் எழும் மாடி; அத்திவாரத்தை எடுத்துவிட்டு மாடி கட்ட முடியாது. ஏழைக்குத்தானே என்று உக்கக்கூடிய பலகையை மூடிக் கொடுப்பது தருமம் ஆகாது.

கடைசிச் சாட்டே கனமானது. "நான் ஏழை. உண்மையைச் சொன்னால் வள்ளம் விலைபோகாது. பிள்ளைகளுக்குச் சோறு இல்லை." இதைக் கேட்டு எளிதாகத் தீர்ப்புச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்த வள்ளத்தை வாங்க வருகிறவர் யார்? புதிய வள்ளம் வாங்க வசதியுள்ளவர் பழையதைத் தேடி வரமாட்டார். நகையை அடகு வைத்து வருகிறவரும் ஏழைதான். ஓர் ஏழையின் துன்பத்தை இன்னோர் ஏழையின் தலையில், அதுவும் அவருக்குத் தெரியாமல், இறக்கிவைப்பதற்கு வறுமை அனுமதி தராது.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் பாரம் முழுவதும் அந்த ஏழை விற்பனையாளர் மேலேயா? இல்லை. உண்மை சொல்கிறவர் பட்டினி கிடக்க வேண்டிய ஊரில், உண்மை சொல்லும்படி உபதேசிப்பது மட்டும் போதாது.

விற்பவர் குறையைச் சொல்லட்டும்: பலகை மாற்றவேண்டும், ஆகும் செலவு இவ்வளவு என்று. வாங்குபவரும் நேர்மையாக நடக்கட்டும். உண்மை சொன்னவரின் வாயைப் பிடித்துக்கொண்டு விலையை அடிமட்டத்துக்கு இறக்குவதும் பாவமே. பழுதுபார்க்கும் ஓடாவி, மூடுவதற்கு முன் உரிமையாளரைக் கூப்பிட்டுத் திறந்த பலகையைக் காட்டட்டும். அதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்தக் கடதாசியிலும் இல்லை. கடற்றொழிலாளர் சங்கங்கள் கோடை காலத்தில் எஞ்சின் பலகை மாற்றுவதற்கென்று சிறு கடன் ஒதுக்கட்டும். மாரி தொடங்குமுன் வள்ளங்களைத் தட்டிப் பார்க்க அனுபவமுள்ள இருவரை அமர்த்தட்டும். சுத்தியல் ஒன்றும் அரைமணி நேரமும் போதும்.

வாசகர்களே! உங்களில் பலர் கடலுக்குப் போகாதவர்கள். ஆனால் மூடப்படும் வேலை எல்லோர் கையிலும் உண்டு. சுவருக்குள் கம்பி வைக்கிற மேசனும், மருந்து கலக்கிறவரும், கணக்கு எழுதுகிறவரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும், அடுத்தவர் திறந்து பார்க்க முடியாத இடத்திலேயே தமது வேலையைச் செய்கிறார்கள். அங்கே மேற்பார்வையாளர் இல்லை, பாராட்டும் இல்லை. அந்த வேலையை நம்பி நிற்கிறவர் யார் என்பது நமக்குத் தெரியாமலே இருக்கலாம். தெரியாத அந்த மனிதரையே நமது அயலவர் என்று ஆண்டவர் நமக்குக் காட்டியிருக்கிறார்.

ஆகவே, கேளாத கேள்விக்கு விடை சொல்லக் கடமை உண்டா என்றால், உண்டு. வாங்குகிறவர் கேட்காததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. அவர் நம்மை நம்பிவிட்டார் என்பதே.